கெட்டுப்போன பாடங்களோடு கூடியவர்கள் வேடியப்பனாருக்கு அளிக்கும் மடல்

தாது வருஷம் சித்திரை மாதத்தில், கொட்டச்சேடு எஸ்டேட் பள்ளியின் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறும் உயர்திரு வேடியப்பனார் அவர்களுக்கு, சேர்வராயன் மலைப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தார் அன்போடும் சிறிது கோபத்தோடும் வாசித்தளிப்பது.

மூடுபனி முகம் துடைக்கும் மலைமுகட்டிலே, காப்பிப் பூ வெள்ளைவிரித்து மணக்கும் வேளையிலே, எம்மிடையே விருந்தினராய் வீற்றிருக்கும் வினாக்களின் வேந்தே! தெரியாததைத் தெரியாதென்று தலைநிமிர்ந்து சொன்ன தகைசால் ஆசானே! கரும்பலகைக்கு முன் நின்ற எம்மைக் களத்துமேட்டுக்கும் காட்டோடைக்கும் கைபிடித்து இழுத்துச் சென்ற கல்விக் காவலரே! வணக்கம், வணக்கம், பல முறை வணக்கம்!

இத்தனை விளிகளையும் கேட்டதும் தாங்கள் காதைச் சொறிந்துகொண்டிருப்பீர்கள் என்பது நிமிர்ந்து பார்க்காமலே எங்களுக்குத் தெரியும். புகழ்ச்சி கேட்டால் காது அரிக்கும் உடம்பு தங்களுடையது. ஆயினும் உபசாரப் பத்திரம் என்றால் விளி இருக்கத்தான் வேண்டும் என்று கூட்டத்தார் கட்டாயப்படுத்தினார்கள். எழுதும் பொறுப்பை வெள்ளக்கடைப் பள்ளி ஆசிரியை சென்னம்மாள் ஆகிய என் தலையில் கட்டினார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆகவே இனி வருவனவற்றில் குறை இருந்தால் அது என்னுடையது. நிறை இருந்தால் அதுவும் என்னுடையதே.

ஐயா! சமவெளியிலிருந்து மலையேறி வந்து, நாலு தகரத்துக்கடியில் தாங்கள் நடத்திய பள்ளியில் தலைமையாசிரியரும் தாங்களே, உதவி ஆசிரியரும் தாங்களே, மணியடிப்பவரும் தாங்களே. அப்படித்தான் எங்கள் ஒவ்வொருவர் பள்ளியும் இருந்தது. ஒரு மேட்டில் ஒரு வாத்தியார், அடுத்த மேட்டில் இன்னொரு வாத்தியார், நடுவே காடும் பனியும். ஒரு பாடம் நன்றாக வந்தால் சொல்லி மகிழ ஆளில்லை. கெட்டுப்போனால் சொல்லி அழவும் ஆளில்லை. எங்களில் பலர் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுச் சன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதே உண்மை.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் தங்கள் வகுப்பில் பூவாயி என்னும் சிறுமி எழுந்து நின்றாள். பறிப்புக்காரர் மகள். காப்பிப் பழத்தைப் பிதுக்கினால் உள்ளே இரண்டு கொட்டை, முகத்தோடு முகம் ஒட்டியபடி இருக்கும். ஆனால் சில பழத்தில் மட்டும் ஒரே கொட்டை, பட்டாணி போல உருண்டையாக இருக்கிறதே, அது ஏன் என்று கேட்டாள். அந்நாளில் மலையிலிருந்த வேறெந்த வாத்தியாராயிருந்தாலும் "உக்காரு" என்றிருப்பார். தாங்கள் சொன்னது, "தெரியல கண்ணு, பாக்கலாம் வா."

அப்படிச் சொன்னதோடு நில்லாமல், அந்த வார விடுமுறையில் சகதியில் நடந்து வெள்ளக்கடைக்கு வந்து, முன்பின் தெரியாத என்னிடம், "ஏனுங்க டீச்சர், ஒத்தக் கொட்டை ஏன் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டீர்கள். சித்தம் தடுமாறிய யாரோ வந்துவிட்டார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப வாங்க, சென்றாயன் வாத்தியாரைக் கேப்பம்" என்று என்னையும் கிளப்பினீர்கள். மலைக்குடியில் பிறந்து, மலைப்பிள்ளைகளுக்கே பாடம் சொல்லும் சென்றாயனாருக்கும் தெரியவில்லை. தினையும் சாமையும் கேட்டால் சொல்வேன், காப்பி நேற்று வந்த பயிர் என்று சிரித்தார். அறிஞர் கூடிச் சங்கம் வைத்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தெரியாதவர் மூவர் கூடி வைத்த சங்கம் எங்கள் சங்கம் ஒன்றாகத்தான் இருக்கும்.

அன்று தொடங்கி மாதந்தோறும் ஒரு பள்ளியில் கூடினோம். அடுத்த மேட்டு ஆசிரியர்களும் ஒவ்வொருவராய் வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகளுக்குச் செய்து காட்டப்போகும் பாடத்தை முதலில் நாமே பிள்ளைகளாய்த் தரையில் அமர்ந்து செய்து பார்க்க வேண்டும் என்பது தாங்கள் வகுத்த முறை. மூடுபனிக்கு எடை உண்டா என்று பார்க்க, உலர்ந்த கம்பளியைக் கடைத்தராசில் நிறுத்து, பனியில் தொங்கவிட்டு, மறுபடி நிறுத்தோம். பின்னக் கணக்குக்காகக் காப்பிக் கொட்டையை ஈரத்தில் ஒரு முறையும் காய்ந்த பின் ஒரு முறையும் எடைபோட்டோம். பூகோளத்துக்காக ஓடையைப் பின்பற்றி நடந்து, அட்டை ஏறிய கால்களோடு படம் வரைந்தோம். கம்பளி கனத்தபோது சென்றாயனார் குதித்த குதியை அவருடைய மாணவர்கள் பார்க்காதது நல்லதாயிற்று.

ஒத்தைக் கொட்டையையும் விட்டோமில்லை. ஆடியில் பிஞ்சுகளை அறுத்து அறுத்துப் பார்த்தோம். ஒத்தையாய் வரும் பிஞ்சிலும் தொடக்கத்தில் இரண்டுதான் இருக்கின்றன; ஒன்று வளர, மற்றது சுருங்கி ஓரமாய் ஒட்டிக் கிடக்கிறது. அது ஏன் சுருங்கியது என்பது இன்றைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரியாதது ஒரு படி உள்ளே தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

ஐயா! எங்கள் கூட்டத்தின் தலையாய வழக்கம் பிறந்த கதையைச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. காப்பி விதையைக் குப்புறப் போட்டால் விரைவில் முளைக்குமா, மல்லாக்கப் போட்டால் விரைவில் முளைக்குமா என்று ஒரு முறை வாக்குவாதம் வந்தது. அவரவர் பள்ளியில் பாத்தி போட்டு விதைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தோண்டக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்டித்து எச்சரித்தோம். காப்பி விதை மண்ணை விட்டுத் தலைநீட்ட மாதக் கணக்காகும். காலம் கடந்த பின் கூடினோம். ஒருவர் பாத்தியிலும் முளை இல்லை. எறும்பு தின்றுவிட்டது என்றார் சென்றாயனார். குளிர் அதிகம் என்றார் இன்னொருவர். விதையே பழைய விதை என்றார் வேறொருவர். என் முறை வருவதற்குள் தாங்கள் எழுந்தீர்கள்.

"எறும்பும் இல்லீங்க, குளிரும் இல்லீங்க. நான் தினம் தோண்டித் தோண்டிப் பாத்தனுங்க. பொறுக்க முடியலீங்க. நொம்ப ஆசையாப் போச்சுங்க."

பிறகு சென்றாயனார் தலையைக் குனிந்துகொண்டு, "நானும்தானுங்க" என்றார். பிறகு எல்லோரும். தோண்டாதிருந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமே! அன்று வயிறு வலிக்கச் சிரித்த சிரிப்பில்தான் நாங்கள் ஒரு கூட்டமானோம். அதுவரை வெற்றியைச் சொல்லிக்கொள்ளவே கூடியவர்கள், அன்றிலிருந்து ஆளுக்கொரு கெட்டுப்போன பாடத்தைக் கொண்டுவர வேண்டும் என்று விதித்துக்கொண்டோம். கெட்ட பாடம் இல்லாமல் வருபவருக்குக் காப்பி கிடையாது. இதனால் காப்பி இழந்தவர் எவரும் இதுவரை இல்லை.

எங்கள் கூட்டத்தின் பெயர் பரவியதும், தலைவர் ஒருவர் இல்லையே என்று கவலைப்பட்டு ஒரு பெரிய மனிதர் மலையேறி வந்தார். தமக்குப் போடவேண்டிய மாலையைத் தாமே கொண்டுவந்த முன்யோசனைக்காரர். பள்ளிக்கூட வாசலை மிதித்து வெகுகாலமானவர். அவரைத் தாங்கள் மரியாதையாகத் தரையில் அமர்த்தி, அன்றைய பாடத்துக்கென்று வைத்திருந்த ஒரு கூடைச் சேற்றை முன்னே வைத்து, "வகுப்பு எடுக்கறவங்க கூட்டமுங்க இது. பள்ளிக்கூடம் இருக்கறவங்களுக்குத்தான் இங்க எடமுங்க. வகுப்பு எடுக்காதவங்க வாத்தியாருக்குப் புத்தி சொல்ல ஆரம்பிச்சா, அப்பறம் ஆரும் தோண்டிப் பாத்ததைச் சொல்ல மாட்டாங்க" என்றீர்கள். அவர் மாலையோடு இறங்கிப் போனார். அது எங்கள் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தால்தான் எங்கள் கூட்டம் இத்தனை ஆண்டு பிழைத்தது.

அந்தச் சட்டமே இன்று எங்கள் கழுத்தைப் பிடிக்கிறது. போன மாதக் கூட்டத்தில் தாங்கள் உள்ளே வராமல் வாசற்படியில் அமர்ந்தீர்கள். ஏன் என்று கேட்டோம். "அடுத்த மாசத்துல இருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இல்லீங்க. இப்பவே பழகிக்கறனுங்க. சேலத்துல மகன் ஊட்டுக்குப் போயி உக்காந்துக்கறன்" என்றீர்கள். தங்களுக்காகச் சட்டத்தைத் தளர்த்துவோம் என்று ஒருமனதாய்ச் சொன்னோம். "எனக்கு வளைஞ்சா மாலைக்காரருக்கும் வளையுமுங்க" என்று மறுத்துவிட்டீர்கள். அன்று யாருக்கும் காப்பி இறங்கவில்லை. மடலின் தொடக்கத்தில் சொன்ன கோபம் இதுதான். தாங்கள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் கூடிற்று. தாங்கள் இல்லாமல் நாங்கள் மறுபடி மேட்டுக்கு ஒருவராய்ப் பிரிந்துவிடுவோமோ என்ற அச்சமும் அதற்குள் இருந்தது. அதை மறைப்பானேன்?

இந்நிலையில் சென்ற சந்தை நாளன்று ஒரு பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மறித்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார்.

"ஏனுங்க டீச்சர், நான் பூவாயிங்க. சின்னப் புள்ளயில வேடியப்பன் வாத்தியாருகிட்ட ஒண்ணு கேட்டனுங்க. பாக்கலாம் வான்னாருங்க. அதுக்குள்ள எங்கப்பன் என்னைய வேற தோட்டத்துக்குப் பறிப்புக்குக் கூட்டிட்டுப் போயிட்டாருங்க. அவரு பாத்தாருங்களா?"

ஐயா, எங்கள் சங்கத்தைத் தொடங்கி வைத்தவர் எங்கள் சங்கத்துக்கே தெரியாமல் பக்கத்துச் சரிவில் பழம் பறித்துக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை ஒத்தைக் கொட்டை அவர் விரல்களில் உருண்டிருக்கும்! பார்த்தோம், இரண்டில் ஒன்று சுருங்கிவிடுகிறது என்று சொல்லிவிட நா எழுந்தது. சொல்லவில்லை. விடையை வாயால் சொல்வது நம் வழக்கமில்லையே. உங்களுக்கு அறுத்துப் பார்க்க விருப்பமா என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு மட்டும் இல்லீங்க. எங்க லயத்து ஊடுகள்ல இன்னும் பொம்பளைங்க இருக்காங்க. எம்புள்ள கேக்கறதுக்கு ஒண்ணுக்கும் எனக்கு வெடை தெரியலீங்க. காப்பிப் பூ எல்லாச் செடியிலயும் ஒரே நாள்ல பூக்குதே, செடிக்குச் செடி ஆரு போயிச் சொல்றாங்கன்னு கேக்கறா. ஞாயித்துக்கெழமை பகல்ல எங்களுக்கும் ஒரு பள்ளிக்கூடம் வெச்சா ஆகாதுங்களா?"

தங்களைக் கேளாமல், தங்கள் பின்னால், நாங்கள் ஒரு காரியம் செய்துவிட்டோம். பறிப்பு முடிந்து காலியாய்க் கிடக்கும், காப்பி கொட்டிவைக்கும் கொட்டடியை ஞாயிறு பகலுக்கு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு வாங்கினோம். சென்றாயனார் கூரையின் ஓட்டையை அடைத்தார். ஒரு ஓட்டையை விட்டுவிட்டார், அது வெயில் நகர்வதைத் தரையில் காட்டுமாம். ஓய்வு பெறுபவருக்குக் கடிகாரம் கொடுப்பது ஊர் வழக்கம். நாங்கள் இம்மடலோடு ஒரு பெட்டி சாக்குக்கட்டி தருகிறோம். பொன்னாடையும் உண்டு, ஆனால் அதை ஞாயிற்றுக்கிழமை போர்த்திக்கொண்டு வராதீர்கள், சேறாகும்.

ஆகவே, மதிப்பிற்குரிய வேடியப்பனாரே! சட்டம் வளையவில்லை. தங்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. செடிக்குச் செடி யார் போய்ச் சொல்கிறார்கள் என்பது எங்களில் எவருக்கும் தெரியாததால், தங்கள் முதல் பாடம் நிச்சயமாகக் கெட்டுப்போகும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வெள்ளக்கடைக் கூட்டத்துக்கு வாருங்கள். வாசற்படியில் அல்ல, உள்ளே. ஆடியில் பிஞ்சு பிடிக்கும்வரை சேலத்துக்கு இறங்கத் தங்களுக்கு அனுமதி இல்லை. அதற்குப் பின்னும் இருக்காது.

சேர்வராயன் துணைநிற்க, முழங்கால் வலி தீர்ந்து, கண்ணொளி குன்றாது, பற்கள் காப்பிக் கொட்டையைக் கடித்துப் பார்க்கும் உறுதியோடிருக்க, கேள்விகள் தீராத நீண்ட வாழ்நாள் தங்களுக்கு வாய்க்கட்டும்! தங்கள் மகனார் எங்களை மன்னிக்கட்டும்!

வாசித்து முடித்தேன் ஐயா. காதைச் சொறிந்தது போதும், சற்றே நிமிர்ந்து முன்வரிசையைப் பாருங்கள். நீலச் சேலையில், கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவர்தான் பூவாயி. "பாக்கலாம் வா" என்று அன்று அழைத்தீர்கள். அவர் இப்போதுதான் வந்திருக்கிறார்.

இங்ஙனம்,
தங்களோடு சேர்ந்து தோண்டிப் பார்த்த
சேர்வராயன் மலைப் பள்ளி ஆசிரியர் கூட்டத்தார்
ஏற்காடு, 1936