குமிழ் கேமராவைப் பார்க்க வேண்டும்

கரியாலூர்ப் பக்கம் அருவியில் படம் எடுக்கப் போகிறவர்கள் காலை பத்தரை மணிக்கு மேல் போவது நல்லது. அதற்கு முன்பு மலை மறைத்துக்கொள்ளும், தண்ணீர் மேல் வெயில் விழாது. இது தெரியாமல் எங்கெங்கிருந்தோ விடிகாலையில் வண்டி எடுத்துக்கொண்டு வந்து, ஜோடியைக் குளிரில் நடுங்கவைத்து, நீலம் பாரித்த முகங்களோடு திரும்பிப் போகிறார்கள்.

ஐயா, உங்கள் ஸ்டேஷனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்குக் கை வலிக்குமே என்று நானே எழுதித் தருகிறேன் என்றேன். முடிந்துபோன கேஸுக்கு இப்போது எதற்கு வந்தாய் என்று கேட்டீர்கள். தனசேகரன் கால் தவறி விழுந்து இறந்தான் என்று எழுதியாகிவிட்டது, வீட்டாருக்கும் சந்தேகம் இல்லை, பதினாறாம் நாள் காரியம்கூட ஆகிவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால் உங்கள் அறிக்கையில் ஒரு சொல் தவறாக இருக்கிறது. அதற்காகத்தான் வந்தேன்.

சங்கராபுரத்தில் எங்கள் ஸ்டூடியோவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் தனசேகரனும் ஒன்பது வருடக் கூட்டு. அவன் வீடியோ, நான் போட்டோ. எங்களுக்குள் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அவனிடம் சண்டை போடவும் முடியாது, எதற்கும் சிரித்துவிடுவான்.

என்னை இந்தப் பக்கம் யாரும் காசிநாதன் என்று கூப்பிடுவதில்லை. மீட்டர்காரர் என்றால்தான் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு சென்னையில் ஒருவரிடமிருந்து ஆன்லைனில் வாங்கிய லைட் மீட்டர் அது. என்னைவிட வயதில் மூத்தது. யூடியூப் பார்த்துத்தான் பழகினேன். என் குருநாதர் சாகும்போது கையில் கொடுத்தார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஜனங்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான். மேலே பாதிப் பந்து போல ஒரு வெள்ளைக் குமிழ், அதற்குக் கீழே கண்ணாடிக்குள் ஒரு முள். பேட்டரி கிடையாது, வெளிச்சம் பட்டாலே முள் நகரும். படத்தில் வரப்போகிறவரின் முகத்தருகே அதை வைத்து, குமிழைக் கேமரா பக்கம் திருப்ப வேண்டும். முள் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதைக் கேமராவில் வைக்க வேண்டும். டிஜிட்டல் கேமராவுக்கு இது எதற்கு, பின்னாலேயே திரை இருக்கிறதே என்று நீங்களும் கேட்பீர்கள். கேமரா கறுப்புக் கோட்டைப் பார்த்தால் ஒன்று சொல்லும், வெள்ளை வேட்டியைப் பார்த்தால் வேறொன்று சொல்லும். மீட்டர் ஆளைப் பார்ப்பதில்லை, அவர் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் பார்க்கும். முகதாட்சண்யம் இல்லாத ஒரு பொருளைக் கையில் வைத்திருப்பது மனிதனுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, உங்களுக்குச் சட்டம் இருக்கிறது.

முதலில் சிரித்தார்கள். சுகர் பார்க்கிற மிஷின் என்று நினைத்து வயதானவர்கள் விரலை நீட்டினார்கள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. தாலி கட்டுவதற்கு முன்பு நான் மணமேடையில் ஏறி, பெண்ணின் கன்னத்தருகே மீட்டரைப் பிடிப்பேன். மண்டபமே அமைதியாகிவிடும். நான் தலையாட்டிய பிறகுதான் கெட்டிமேளம். மீட்டர் வைக்காத கல்யாணம் கல்யாணமா என்று பெண்வீட்டார் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஐயரே என் தலையாட்டலுக்காகக் காத்திருக்கிறார் என்றால் பாருங்கள். நான் தலைக்கனம் பிடித்தவன் இல்லை. ஆனால் அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் நான் கேமரா தூக்குகிற நூறு பேரில் ஒருவன், அவ்வளவுதான்.

எலவனாசூர்கோட்டையில் ஒரு பெரிய விவசாயக் குடும்பம், பெண் பேர் எழில்மதி. கல்யாணத்துக்கு முன்பு அருவியில் படம் வேண்டும், அதுவும் மீட்டர்காரர்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். ஜோடியை அழைத்துப்போவதற்கு முந்தின நாள் இடத்தைப் பார்த்துவைப்பது எங்கள் வழக்கம். நானும் தனசேகரனும் ஒரே வண்டியில் மலை ஏறினோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவன், அருவி நெருங்க நெருங்கப் பேச்சைக் குறைத்துக்கொண்டான்.

மீட்டரை நான் யாரிடமும் கொடுப்பதில்லை; அன்றைக்கு அவனே கேட்டு வாங்கி, பெண் நிற்க வேண்டிய இடத்தில் நின்று எண்ணைச் சொன்னான், நான் தூரத்தில் கேமராவோடு நின்றேன். முதலில் மரநிழலில் நின்று எட்டு என்றான். பிறகு வெயில் அடிக்கிற பாறைக்குப் போய் எட்டு என்றான். போனை எடுத்து ஏதோ ஆப்பில் பார்த்தான். இரண்டுக்கும் ஒத்துவரவில்லை போலிருக்கிறது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னான்:

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. நெழல்லயும் எட்டு, வெயில்லயும் எட்டு. முள்ளு நவுரவே இல்லண்ணா."

அவனே தொடர்ந்தான். "அதுக்கு இன்னா இப்போ? யாருக்குத் தெரியப் போவுது? நீங்க பாட்டுக்குக் கைல வச்சிக்கினு நில்லுங்க. ஸ்கிரீன்ல பாத்து நான் கண்ண காட்டறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தான். அதுதான் வலித்தது. இனிமேல் நான் மணமேடையில் மீட்டரைப் பிடிக்கிற ஒவ்வொரு முறையும், மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, வீடியோ கேமராவுக்குப் பின்னால் ஒருவன் என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டு நிற்பான். யோசித்துப் பாருங்கள் ஐயா. நிதானமாக யோசித்தேன். கோபம் எதுவும் இல்லை.

"நீ நிக்கிற எடத்துல சாரலு ஜாஸ்தி, அதான்," என்றேன். "ரெண்டடி பின்னால போ. அங்க வெயிலு நேரா உழுது. முள்ளு நவுரும்."

அவன் உடனே நம்பினான். முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. மீட்டர் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னைவிட அவன்தான் அதிகம் ஆசைப்பட்டான் என்று நினைக்கிறேன். திரும்பி நடக்கத்தான் பார்த்தான். குமிழ் கேமராவைப் பார்க்க வேண்டும், திரும்பாதே என்றேன். அது நான் போட்ட விதி இல்லை, மீட்டரோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் என்னைப் பார்த்தபடி, முள்ளின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தான்.

"நவுரலியேண்ணா," என்றான். இன்னும் ஓரடி என்றேன். பாறை வழுக்கும் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். அது அவன் முதுகுப் பக்கம் இருந்தது. எனக்கு நேராகத் தெரிந்தது. பாறை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்தது. இன்னும் ஓரடி என்றேன்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, அருவி இரைச்சலில் எதுவும் கேட்காது. சாரல் பட்டுவிடும் என்று முதலில் கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

ஒன்றும் சொல்லாமலே இருந்திருப்பேன். காரியத்தன்று அவன் மனைவி ஜெயசுதா என்னிடம் வந்தாள். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க மேல ஒன்னும் தப்பு இல்லண்ணா, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. அண்ணன் மீட்டரு கெட்டுப்போச்சி, அவரு மனசு நோவாம எப்படி சொல்றதுன்னு தெரிலன்னு அன்னிக்கி காலைல கெளம்பும்போதே சொன்னாரு. அந்தக் கெட்டுப்போன மீட்டருதாண்ணா அவர இட்டுக்கினு போயிடுச்சி." போலீசிலும் அப்படித்தான் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். நீங்களும் அதை நம்பி, பழுதடைந்த கருவியைப் பார்த்தபடி நடந்ததால் என்று எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை ஊரே பேசுகிறது. எழில்மதி வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பழியை வாயில்லாத பொருள் மேல் போடுவது நியாயமில்லை ஐயா. அவனை அனுப்பியது மீட்டர் இல்லை, நான். முள் நகரும் என்று நான் நம்பி அனுப்பவும் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் அது என் கையிலிருந்து தரையில் விழுந்தது. அன்றைக்கு எட்டில் நின்ற முள் பிறகு அசையவில்லை. அதற்குப் பிறகு எடுத்த எல்லாக் கல்யாணத்தையும் நான் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துத்தான் எடுத்தேன். முள் நகர்கிற வரைக்கும் தனசேகரன் பின்னால் போய்க்கொண்டே இருப்பான் என்று தெரியும். அது நகரவே நகராது என்றும் தெரியும். அவனைக் கொன்றது நான்தான். இதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆனால் மெமரி கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன், கடைசிப் படத்தைப் பாருங்கள். அவன் குனிந்து முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஒரு கால் பாறையில் இல்லை. கடைசியாக அவன் சொன்ன எண் எட்டு. திரையைப் பார்க்காமல் எட்டை வைத்துத்தான் அதை எடுத்தேன். அவன் முகத்தில் வெளிச்சம் ஒரு பொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என் தொழிலில் அதைவிடச் சரியான படம் நான் எடுத்ததில்லை.

ஆகவே பழுதடைந்த என்கிற சொல்லை மட்டும் அடித்துவிட்டுக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.