தறி நெய்த அப்பா

முள்ளிப்பட்டு பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பிளஸ் ஒன் மாணவிகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவோட வேலைய பத்தி எழுதச் சொன்னா, என்னோடத அப்படியே காப்பியடிச்சிகினு, உங்கப்பாவ தறி நெய்ய வச்சிட்டியேடி!" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சிரிக்காதடி. மிஸ், 'அப்பாவையே கேட்டு புதுசா எழுதிகினு வா'ன்னுட்டாங்க."

"உங்கப்பா திட்னாரா?"

"படிச்சி பாத்துட்டு, 'பரவால்ல, நல்லாதான் நெய்யறேன்'னாரு. அதுக்கு ரெண்டு அடி குடுத்திருக்கலாம்."

பின்னாலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே வந்த கண்டக்டரின் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள், காப்பியடித்தவள்.

"அப்பா, இந்த வேலைக்கு எப்படிப்பா வந்த?"

"இரும்மா, முன்னாடி டிக்கெட் குடுத்துட்டு வந்து சொல்றேன். அதுக்குள்ள அவள பாத்து எழுதிடாத."