புள்ளி பூஜ்யம் எட்டு

பால் சர்க்கரை நீக்கிய பால், சாதாரணப் பாலைவிட அதிகமாக இனிக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. சர்க்கரையை நாங்கள் வெளியே எடுப்பதில்லை. நொதி ஒன்றைச் சேர்த்து அதை இரண்டாக உடைக்கிறோம், அவ்வளவுதான். உடைந்தது நாக்குக்கு இனிப்பு, வயிற்றுக்குச் சுலபம். முழுக்க உடைந்ததா என்று பார்ப்பது என் வேலை. பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

நூறு மில்லியில் புள்ளி ஒன்று கிராமுக்குக் கீழே இருந்தால் பாக்கெட்டுக்குப் போகலாம். அன்று மூன்றாம் டேங்கில் அளவு ஒன்று புள்ளி எட்டு கிராம் என்று வந்தது. பால் அளவுக்கு மீறிக் குளிர்ந்துபோய், நொதி சரியாக வேலை செய்யவில்லை. மறுபடி பார்த்தேன். அதேதான்.

போன வருடம் இப்படித்தான் ஒரு டேங்கை நிறுத்தினேன். மொத்தப் பாலையும் வடிகாலில் விட்டார்கள். பாலில் குறையில்லை, தவறு சோதனைக்கு நான் கலந்த கரைசலில் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து எனக்கு ‘வடிகால்’ என்று பேர். சாப்பாட்டு அறையில் நான் டம்ளரைத் தொட்டால், “பாத்து, கொட்டிடப் போறாங்க” என்பார்கள். மேலாளரும் சேர்ந்து சிரிப்பார். கெட்ட மனிதர் இல்லை. அன்று அவர் என்னை அவசரப்படுத்தவும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் 0.08 என்று நானாகத்தான் எழுதினேன். குடிப்பவர்களுக்கு வயிறு கொஞ்சம் உப்பும், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் ஆனது.

அக்கா மகளுக்குப் பதினான்கு மாதம். பிறவியிலேயே பால் சர்க்கரை ஆகாது. எங்கள் பாலைத்தான் குடிப்பாள். எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். காலையிலிருந்து குழந்தைக்குத் தண்ணீராகப் போகிறது என்றாள். பாக்கெட்டில் உள்ள பேட்ச் நம்பரைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். மூன்றாம் டேங்க்.

“பாலுல எதுவும் இருக்காதுல்ல?”

“நானே பாத்ததுதான்க்கா. தைரியமா குடு.”

வேறு பதில் சொன்னால், ஏன் என்று கேட்பாள்.

மறுநாள் டாக்டர் அக்காவின் போனிலேயே என்னிடம் பேசினார். நிதானமானவர். அந்தப் பாலை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். புள்ளி பூஜ்யம் எட்டு என்றேன். பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன். அப்படியென்றால் கிருமியாக இருக்கும் என்று மருந்து எழுதிக் கொடுத்தார். வேறெதையும் வாயில் வைக்காத குழந்தைக்கு அக்கா அந்தப் பாலையே ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டு, கண் உள்ளே போய்விட்டது என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடு, தேறிவிடும் என்றேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். கையில் கனமே தெரியவில்லை. உள்ளே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

பிறகு நாலு பக்கமிருந்தும் புகார் வந்து, எடுத்துவைத்திருந்த மாதிரியை நீங்கள் வேறு இடத்தில் சோதித்தீர்கள். ஒன்று புள்ளி எட்டு வந்ததாமே. அப்படியானால் இந்த முறை நான் சரியாகத்தான் அளந்திருக்கிறேன்.

எண்ணை மாற்றியது நான். தெரிந்தே குடிக்கக் கொடுக்கச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். என் அளவை ஒருநாளும் சந்தேகிக்காதவள் அவள் ஒருத்திதான். அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.