ஆரன் பூட்டிய பாக்கேஜ்

யாதவி: ...சேர்வர் திரையில கிடக்கிறதை வாசிக்கிறன், கேள். ‘ஹெல்ட் புரோக்கன் பாக்கேஜஸ்’ எண்டு சொல்லிப்போட்டு அப்பிடியே நிக்குது.

ஆரன்: அப்டேட் பாதியில நிண்டிட்டுதோ?

யாதவி: ஓம். காலமை குடுத்தது. அதுக்குப் பிறகு சோலோதுர்ன் முதியோர் ஹைமில மருந்துத் திரை திறக்குதில்லை.

ஆரன்: என்னை வேலையால நிப்பாட்டேக்கை, ஆரன் இல்லாட்டியும் லினக்ஸ் ஓடும் எண்டு கொம்பனிச் செஃப் சொன்னவர்...

யாதவி: பகிடி விடாதை. அங்க மருந்து குடுக்கிற பரமேஸ்வரி அக்கா ஆருக்கு என்ன குளிசை எண்டு தெரியாமல் அந்தரப்படுறா.

ஆரன்: என்ர இடத்துக்கு ஒருத்தரையும் எடுக்கேல்லையோ?

யாதவி: அது... நீ முதல் இதைச் சொல்லு. வேற கட்டளை ஒண்டு குடுத்துப் பாத்தது. கொஞ்சப் பாக்கேஜை அழிக்கப் போறன், ஓமோ எண்டு கேக்குது. ஓம் எண்டு குடுக்கிறதோ?

ஆரன்: கையை எடு. அழிக்கிறதுக்குள்ள மருந்துப் புரோகிராமும் இருக்கும். ஓம் எண்டாயோ, இருக்கிறதும் போயிடும்.

யாதவி: ...சரி, இல்லை எண்டு குடுத்தாச்சு. பின்னால என்ன சத்தம்? ரயிலோ?

ஆரன்: சூக் நகரத்துக்குப் போறன். புது வேலை.

யாதவி: ‘ஓல்டன், கிளைஸ் ஏழு’ எண்டு ஸ்டேஷனில மேடை நம்பர் அறிவிக்கிறது கேக்குது. காலமை எடுக்கேக்கை பிறகு கதை எண்டு வைச்சாய், அப்பவும் ஓல்டன் எண்டுதான் கேட்டது. நீ ரயிலில ஏறவேயில்லை.

ஆரன்: வேலை ஒண்டுமில்லை. மனிசிக்கு இன்னும் சொல்லேல்லை. மதுஜா பாவம், காலமை சாப்பாடு கட்டித் தாறா. கொண்டுவந்து ஸ்டேஷன் வாங்கில இருந்து சாப்பிடுறன். போதுமோ?

யாதவி: ஐயோ... அவவுக்கே சொல்லேல்லையோ?

ஆரன்: என்னெண்டு சொல்லுறது? மாசியில பிள்ளை பிறக்கப் போகுது.

யாதவி: அதைப் பிறகு பாப்பம். இந்த அப்டேட் ஏன் நிக்குது?

ஆரன்: சரி, உனக்கு மட்டும் சொல்லுறன். டேட்டாபேஸ் பாக்கேஜை நான்தான் பூட்டி வைச்சனான். புது வெர்ஷன் ஏறினால் மருந்துப் புரோகிராம் விழும் எண்டு அப்ப பயம்.

யாதவி: புரோகிராமைத்தான் பிறகு திருத்தினியே?

ஆரன்: திருத்தினன். பூட்டைத் திறக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவுமில்லை.

யாதவி: மறந்தோ?

ஆரன்: மறக்கேல்லை. ஒரு நாளைக்கு அப்டேட் முட்டுப்படும், அப்ப என்னைத் தேடுவினம் எண்டுதான். தேடினியள்தானே.

யாதவி: வயசு போனதுகளின்ர மருந்தில விளையாடியிருக்கிறாய்.

ஆரன்: இராப்பகலாப் பாத்தவனை ஒரு பின்னேரம் வெளிய விட்டவை. ஆத்தைக் கடக்குமட்டும் அண்ணன் தம்பி, கடந்தாப் பிறகு நீ ஆர் நான் ஆர். அது உனக்குக் கண்ணில படேல்லையோ?

யாதவி: ...எப்பிடித் திறக்கிறது?

ஆரன்: ஒரு வரிதான். ‘ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்’, பக்கத்தில பாக்கேஜின்ர பேர். பிறகு அப்டேட்டைத் திருப்பிக் குடுத்தால் சரி. ஆனா இப்ப அடிக்காதை, யாதவி. ஆரன் நேர வந்தால்தான் சரிவரும் எண்டு செஃபிட்டைச் சொல்லு. அவருக்கு என்ன விளங்கப் போகுது? அடுத்த ரயிலில வாறன்.

யாதவி: அடிச்சாச்சு. ஓடுது.

ஆரன்: ஏன்... ஏன் அடிச்சனி? என்ர வேலை உன்ர கையிலதானே இருந்தது.

யாதவி: நான் அடிக்கேல்லை. போன் ஸ்பீக்கரில கிடக்கு, ஆரன். கீபோர்டில இருக்கிறது என்ர தம்பி சிந்துஜன். திங்கக்கிழமையிலயிருந்து உன்ர வேலை அவனுக்கு. நீ பூட்டி வைச்ச கதையைத்தான் இப்ப செஃபுக்கு டொச் பாஷையில சொல்லிக்கொண்டிருக்கிறான்.