கம்பியில் வந்த ழகரம்

கோப்பிக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. சீனியைக் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். நீங்கள் காலையிலிருந்து கேட்பது ஒரே கேள்வி. குரல் தெரிந்ததா, தெரியவில்லையா? சொல்கிறேன். ஆனால் என் பலகையைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் பதில் வேறு மாதிரி கேட்கும்.

காஜா பேராங்கில் எங்கள் கம்பெனி ஆபீசின் பின்கட்டில் டெலிபோன் பலகை இருக்கிறது. கம்பெனித் தோட்டங்களின் கம்பிகள் எல்லாம் அதில்தான் வந்து முடிகின்றன. ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்தோடு பேசுவதற்கும், போலீஸைக் கூப்பிடுவதற்கும், கம்பெனி ஆம்புலன்ஸை அழைப்பதற்கும் நான் பிளக்கைச் சொருக வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காதில் மாட்டியிருக்கும் கருவியின் கயிறு பலகையோடு கட்டியிருப்பதால் எழுந்து நின்றால்கூட கழுத்தைப் பிடித்து இழுக்கும். எல்லாரும் என் வழியாக எங்கெங்கோ போய்வருவார்கள். நான் அங்கேயே இருப்பேன்.

போன வருஷம், மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முன்னால், எவனோ ஒருவன் பெரிய துரையின் குரலில் என்னை அழைத்து புக்கிட் பாரு தோட்டத்தைக் கேட்டான். கொடுத்தேன். அரிசி லாரியை வேறு பாதையில் அனுப்பச் சொன்னான். லாரி காட்டுக்காரர்களிடம், அந்தக் கம்யூனிஸ்டுகளிடம், போய்ச் சேர்ந்தது. டிரைவர் திரும்பவில்லை. என்மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நான் பூட்டிய கதவையே திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன். ஒவ்வொரு இரவும் அன்றைய என் தவறுகளை நாட்குறிப்பில் எழுதுகிறவன். கம்பியில் வருகிறவனுக்கு முகம் கிடையாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

ஆபீஸ் கணக்கையெல்லாம் பார்க்கும் தலைமைக் கிராணி மாணிக்கவாசகம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இனிமே ஒரு அடையாளச் சொல்லு வெச்சிக்குவோம். அதச் சொல்லாதவன் துரையா இருந்தாலும் லைன் குடுக்காதே. நானா இருந்தாலும் குடுக்காதே. என் பொண்டாட்டியா இருந்தா கண்டிப்பா குடுக்காதே."

சட்டத்தை எழுதியது நான். தோட்டத்துக்கு ஒருவர்தான் பேசலாம்; அவருடைய குரலை நான் முன்கூட்டியே கேட்டுப் பழகியிருக்க வேண்டும். சொல் வாரத்துக்கு வாரம் மாறும். பின்னாலிருந்து வேறொருவர் எடுத்துக்கொடுத்தால் செல்லாது, ஏனென்றால் பேசுகிறவர் முதுகில் யாராவது துப்பாக்கியை வைத்திருக்கலாம். புக்கிட் பாரு கிராணி சொல்லை டெலிபோனுக்கு மேலே சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். "மறந்து போவுது தம்பி, வயசாச்சில்ல" என்றார். ஆள் அனுப்பி வெள்ளையடிக்க வைத்தேன். பெரிய துரைக்கே ஒருமுறை லைன் மறுத்தேன். கத்தினார். மறுநாள் வந்து கைகொடுத்தார்.

சொற்களைத் தமிழில் வைத்தேன். மலாய்ச் சொல்லை ஊரே பேசும். ஆங்கிலச் சொல்லை பங்களா வேலையாட்கள் கேட்டுவிடுவார்கள். தமிழிலும் ழகரம் வருகிற சொற்களாகத் தேர்ந்தெடுத்தேன். நான் மாலை வகுப்புக்குப் போகிறவன். ஏகாம்பரம் வாத்தியார் எங்களுக்குத் தினமும் ழகரப் பயிற்சி கொடுப்பார். தோட்டத்து ஆட்கள் அதை ளகரமாகச் சொல்வார்கள். ஒவ்வொருவருடைய ளகரமும் எனக்குத் தெரியும். சொல்லைத் திருடலாம், நாக்கைத் திருட முடியாது.

இனி ராஜரத்தினம். புக்கிட் காதில் என்ற தோட்டத்தில் போன் பொறுப்பு அவனுடையது. கம்போங் செட்டி கிராமத்தில் பிறந்தவன். அந்தச் செட்டிகள் நம் கோயிலில் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் பல தலைமுறையாக வீட்டில் பேசுவது மலாய். தோட்டத்துக்கு வந்தபிறகு கொஞ்சம் தமிழ் பொறுக்கிக்கொண்டான். எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்.

"கருணா அபாங், வாலை வாலைன்னு ஏன் உயிர எடுக்கிறே? மலாய்ல பீசாங்னு வெச்சா லைன் கெட்டுப்போயிருமா? சூசா லா, ரொம்பக் கஷ்டம் உங்க தமிழு" என்பான். அண்ணன் என்பதற்கு அபாங் என்றுதான் கூப்பிடுவான். சிரித்துவிட்டு லைன் கொடுத்துவிடுவேன். வாழை என்ற சொல் இருந்த வாரத்தில் வாலை என்றான். கோழிக்குக் கோலி என்றான். எல்லாவற்றுக்கும் கொடுத்தேன்.

கோழி வாரத்தில்தான் துரை ஒரு செய்தி சொன்னார். ஆபீசுக்குப் புதிய பெரிய பலகை வருகிறது. அதற்குத் தலைமை ராஜரத்தினம். சுதந்திர நாட்டில் மலாய் நன்றாகப் பேசுகிறவன் வேண்டுமாம். நான் அவனுக்குக் கீழே, அதே அறையில். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதே வாரத்தில், உச்சரிப்பும் பிசகாமல் இருக்கும்படி சட்டத்தை இறுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்.

அடுத்த வாரச் சொல், மழை. ராஜரத்தினத்துக்குத் தமிழ் படிக்க வராது. ரூமியில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில், எழுதித் தரச் சொன்னான். எழுதினேன், மலாய் என்று வாசித்துவிடக் கூடாதே என்று எழுத்துகளைப் பிரித்தே எழுதினேன். ரூமியில் ழகரத்துக்கு எழுத்து இல்லை, லகரமாகத்தான் எழுத முடியும், ஐயா. அது நான் செய்த குற்றம் அல்ல.

அந்த வாரத்தில், நீங்கள் கேட்கிற அந்த நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பலகையில் புக்கிட் காதில் தோட்டத்து விளக்கு எரிந்தது. "அபாங், தோலோங் லா, உதவி பண்ணு. ஆம்புலன்ஸ் குடு. ருக்மணி அக்கா பிள்ள பெத்துட்டாங்க, ரத்தம் நிக்கலே, ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்திருக்காங்க. லாரி ரப்பர் பால் ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. ஆஸ்பத்திரி டிரஸர் லீவு."

சொல்லைக் கேட்டேன்.

"மலை."

மலை வேறு, மழை வேறு என்று விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன். லைனைத் துண்டித்துவிட்டேன்.

விளக்கு மறுபடி எரிந்தது. மலை என்றான், அப்புறம் மளாய் மாதிரி ஏதோ சொன்னான். பிறகு அவன் கையிலிருந்து வேறொருவர் வாங்கிப் பேசினார். ருக்மணியின் கணவர், சேதுபதி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஜப்பான் சண்டைக்குப் பிறகு வந்தவராம். "ஐயா, நான் சொல்றேங்க. மழை. மழைங்க. போதுங்களா?" உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் பெயர் சட்டத்தில் இல்லை. அவர் குரலை நான் அதற்கு முன் கேட்டதும் இல்லை. இதையும் சொன்னேன். உரிய ஆளிடம் கொடுங்கள் என்றேன்.

அவர் போனை மேசைமேல் வைத்திருக்க வேண்டும். நான் லைனைத் துண்டிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு பெண் முனகுவது கேட்டது. அதற்கு மேலே அவர் குரல்: "நாக்க மேல மடிங்க தம்பி. பல்லுல படக்கூடாது. உள்ள கொண்டு போங்க. ழ. ழ. பாத்தீங்களா, இப்பிடி. என் வாயப் பாருங்க." ராஜரத்தினம் அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தான். ல. ள. ய. ஒரு குரங்கு கத்துவதுபோல் இருந்தது. மறுபடி, மறுபடி. அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. நல்ல வாத்தியாராக வந்திருப்பார்.

பிறகு ராஜரத்தினம் போனை எடுத்தான். அபாங் என்றுகூடச் சொல்லவில்லை. "மழை" என்றான்.

சுத்தமான ழகரம். கம்பி வழியாக வந்தும் கரையவில்லை.

நான் யோசித்தேன், ஐயா. சட்டத்தை எழுதியவன் யோசிக்காமல் இருக்க முடியாது. பின்னாலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொடுத்த சொல், செல்லாது. மேலும், ராஜரத்தினத்துக்கு ழகரம் வராது. அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆகவே ழகரம் சொல்கிற இந்தக் குரல் ராஜரத்தினமாக இருக்க முடியாது. தப்பாகச் சொன்னால் சொல் பொருந்தவில்லை, சரியாகச் சொன்னால் ஆள் பொருந்தவில்லை. இதில் வெளியே போகும் வழியை நானும் தேடிப் பார்த்தேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சைக்கிளில் ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் போனபோது அந்தம்மா உயிரோடு இல்லை. குழந்தை பிழைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நல்லது. அன்றிரவு நாட்குறிப்பைத் திறந்து வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தவறு என்று எழுத ஒன்றும் அகப்படவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குரல் தெரிந்தது. முதல் தடவையே தெரிந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, மூச்சு வாங்கியதிலேயே, ராஜரத்தினம் என்று தெரிந்தது. ஒரு பெண் சாகிறாள் என்பதும் தெரிந்தது. கடைசியில் பிடுங்கும்போதும் தெரிந்தேதான் பிடுங்கினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இரண்டு வருஷமாக மாலை வகுப்பில் நான் மடித்து மடித்துப் பார்க்கும் நாக்கில் ஒருநாளும் வராத ழகரம், அரைமணி நேரத்தில் அவனுக்கு வந்துவிட்டது. அதனால்தான் பிடுங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா.