அமெரிக்கப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள்

கிளேட்டன் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் என் மகள், தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்தப் படபடப்போடு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் கையில் தாளோடு ஒரு தாய், பக்கத்தில் பத்து வயது மகள். மறுநாள் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி என்று பேச்சிலிருந்து தெரிந்தது. தலைப்பு, அமெரிக்கக் காங்கிரசுக்குத் தெரிவான முதல் பெண்.

“அவவுக்கு ரெண்டு பிள்ளையள் எண்டு சொல்லு,” என்றார் தாய்.

“அம்மா, அவ மேரேஜ் பண்ணவே இல்லை. புக்கில இருக்கு.”

“தெரியும். நான்தான் கட்டி வைச்சனான். மாப்பிள்ளை என்ஜினியர்.”

“ஒய்?”

“நடுவரா வாற அன்ரிமார் கேப்பினமெல்லே, ஏன் கட்டேல்லை, என்ன குறை எண்டு. மேடையில நிண்டு நீ என்ன சொல்லுவாய்?”

“இது பொய். நான் சொல்ல மாட்டன்.”

“ஆருக்கம்மா நட்டம்? அவ செத்துப் போனா. போன வருசம் ரெண்டாவதா வந்தனி. இந்த முறை கப் வேணுமோ, வேண்டாமோ?”

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். தாய் கைபேசியில் நேரம் பார்த்தார்.

“நாலு நிமிசம் போகுது. மூண்டுதான் தருவினம். கல்யாணத்தைக் குறைக்கேலாது. காங்கிரசுக்குப் போனதைச் சொல்லுற பந்தியை வெட்டிவிடுவம்.”

“அப்ப அவ ஏன் ஃபேமஸ்?”

தாய் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“பிள்ளையள் ரெண்டுக்கும் மெடிசின் படிக்க இடம் கிடைச்சது எண்டு போடுறன்.”