குப்பனூர் வழியாக

நான் வேகமாக வண்டி ஓட்டுவதில்லை, இன்ஸ்பெக்டர் சார். ஏற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரக்குக் கப்பலில் சீஃப் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், எண்ணெய்ச் செலவும் புகையும் நிறையக் குறையும். இதைச் சொல்லிச் சொல்லியே கேப்டன்களுக்கு வேண்டாதவனானேன். போன வருடம் உலக நாடுகள் கூடிப் புகையைக் குறைக்க ஒப்பந்தம் போட்டன. நாடு விட்டு நாடு போகும் கப்பலின் புகை மட்டும் எந்த நாட்டுக் கணக்கிலும் சேரவில்லை. பேப்பரில் படித்ததும் வயிறெரிந்தது. சொல்லிப் புலம்ப வீட்டில் ஆளில்லை.

செம்மநத்தம் பொன்னுவேலைக் காபித் தோட்டத்தில் கண்ணாடி விரியன் கடித்தபோது பஸ் போய்விட்டிருந்தது. அவர் மனைவி வெள்ளையம்மாள் என் ஜீப்பை மறித்தாள். சேலம் கொண்டுபோய் ஊசி போட வேண்டும். அவரை முன்சீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

“தூங்க உட்டுறாதீங்கண்ணா. பேச்சுக் குடுத்துட்டே வாங்க.”

பாம்பு கடித்தவரைத் தூங்க விடக் கூடாது என்பது இந்த மலையில் வழக்கம். பேசினேன். வலியோடு அவரும் கேட்டார்.

“ஏனுங்க, கப்பல்ல கெடந்தா ஊட்டு நெனப்பு வராதுங்களா?”

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கப்பல் புகை வரைக்கும்.

“மெதுவாப் போனா பொகை கம்மிங்களா? அப்ப நீங்க சொன்னது நாயந்தானுங்களே” என்றார். இத்தனை வருடத்தில் என் பேச்சுக்குத் தலையாட்டிய ஒரே மனிதர்.

நேராக இறங்கும் ரோட்டை விட்டுவிட்டுக் குப்பனூர் பக்கம் திருப்பினேன். அது சுற்று.

“அண்ணா, வெரசாப் போங்க சாமி” என்று வெள்ளையம்மாள் கெஞ்சினாள்.

குலுங்கினால் விஷம் ஏறும், வேகமாகப் போனால் டீசலும் வீண், புகையும் அதிகம் என்றேன். படித்தவன் சொல்கிறேன் என்று நம்பிவிட்டாள். குப்பனூர் வருவதற்குள் அவர் பதில் சொல்வது நின்றுபோயிருந்தது. நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மலை இறக்கத்தில் வண்டி தானாக உருளும். மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் புகையில் பெரிய வித்தியாசம் கிடையாது. என்ஜினியருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துதான் மெதுவாக ஓட்டினேன். ஆஸ்பத்திரி வந்துவிட்டால் அவர் இறங்கிவிடுவார், சார்.